மார்க் குறைந்தால் மணி நேரத்தைக் கூட்டாதீர்கள், பழுதைத் தேடுங்கள்

போர்டு தேர்வுக்கு முன்னால் பள்ளியில் வைக்கும் பிரிலிம் தேர்வின் பேப்பர்கள் திருத்திக் கைக்கு வந்ததும் மும்பை தாராவியில் எங்கள் சந்து முழுக்க ஒரே பேச்சுதான். "டிவியை மூடு, ராத்திரி ஒரு மணி வரைக்கும் படி." பிள்ளைகளும் அதையே சொல்லிக்கொண்டு வருவார்கள். "எக்கா, இனிமே தினமும் ரெண்டு மணி நேரம் கூடப் படிக்கப் போறேன்." 90 அடி ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரூமில், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைச் சாயங்காலம் உட்கார வைத்துப் பல வருடமாகப் படிக்க வைக்கிறேன். நேரம் போதாமல் மார்க்கை விடுகிற பிள்ளைகள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்களுக்குப் படிக்கிற விதத்தில் ஏதோ ஓர் இடத்தில் பழுது இருக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டு நேரத்தை மட்டும் கூட்டினால் பழுதும் சேர்ந்து கூடுகிறது.

ஃபேன் மெதுவாகச் சுற்றினால் ரெகுலேட்டரைப் பார்க்கிறோம், கண்டென்சரைப் பார்க்கிறோம். படிப்பிலும் அப்படிப் பார்க்கலாம். கீழே பிள்ளைகள் என்னிடம் சொல்லும் புகார்களை அவர்கள் சொல்கிற மாதிரியே தலைப்பாகப் போட்டிருக்கிறேன். உங்களுடைய புகார் எதுவோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் மாற்றப் போனால் எதுவும் மாறாது.

"வீட்டில் எல்லாம் தெரியுது, பேப்பரைப் பார்த்தா ஒண்ணும் வரமாட்டேங்குது"

இதுதான் அதிகம் வரும் புகார். நானும் பத்தாவதில் இதே புகாரோடு அழுதவள். வரலாற்றுப் பாடத்தை மூன்று முறை படித்துவிட்டுப் போய், கேள்வியைப் பார்த்ததும் அந்தப் பக்கத்தில் படம் எந்த மூலையில் இருந்தது என்பது வரை ஞாபகம் வந்தது. விடை மட்டும் வரவில்லை.

முதலில் ஒரு சோதனை. நேற்று படித்து முடித்த பாடம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தைத் திறக்காமல் ஒரு ரஃப் தாளை எடுத்து, 10 நிமிடத்துக்கு அந்தப் பாடத்தில் என்னென்ன இருந்ததோ எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதில்லை. மூன்றாவது வரியிலேயே பேனா நின்றுவிட்டதா? அப்படியானால் பாடம் உங்களுக்குப் பழகியிருக்கிறது, இன்னும் தெரியவில்லை. தெருவில் தினமும் பார்க்கிற ஒருவரின் முகம் நன்றாகத் தெரியும், பெயர் கேட்டால் முழிப்போம் இல்லையா, அதே கதைதான். திரும்பத் திரும்ப வாசித்தால் முகம்தான் இன்னும் நன்றாகப் பழகும். பேப்பரில் கேட்பது பெயரை.

2006இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியைச் சிலர் திரும்பப் படித்தார்கள். சிலர் ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழாகிவிட்டது. பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. இந்த 5 நிமிடம்தான் பிள்ளைகளை ஏமாற்றுகிறது. ராத்திரி படித்து முடித்த கையோடு "எல்லாம் வந்துருச்சு" என்று தோன்றும். மார்ச்சில் போர்டு தேர்வில் தேவைப்படும்போது இருக்காது.

அதனால் எங்கள் ரூமில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். ஒரு முறை நிதானமாகப் படிக்க வேண்டும், புரியாததைக் கேட்டுவிட வேண்டும், அப்புறம் புத்தகம் மூடியே இருக்க வேண்டும். உதாரணத்துக்கு மகாராஷ்டிரா போர்டின் பத்தாம் வகுப்புப் புவியியலில் இந்தியாவையும் பிரேசிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். தாளின் நடுவில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் இந்தியா, அந்தப் பக்கம் பிரேசில். பிரேசிலின் வடகிழக்கில் ஏன் மழை குறைவு? மேட்டு நிலத்தின் சரிவு கடல் காற்றைத் தடுக்கிறது, அதற்குப் பின்னால் இருப்பது மழை மறைவுப் பகுதி. இதை வரைந்து, அம்புக்குறி போட்டுச் சொல்ல முடிந்தால் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். எழுத வராத இடம் வந்ததும் உடனே புத்தகத்தைத் திறக்காதீர்கள். ஒரு நிமிடம் தவியுங்கள். அந்தத் தவிப்பு வீணாகாது. பிறகு திறந்து பார்த்து, விட்டதை வேறு நிறப் பேனாவில் எழுதுங்கள். அந்த நிறம் இருக்கும் இடங்கள்தான் நாளைக்கு நீங்கள் படிக்க வேண்டியவை. மற்றதை நாளைக்குத் தொட வேண்டாம்.

மஞ்சள் ஹைலைட்டர் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பக்கம் முழுக்கக் கோடு போடுவதும் கைடைப் பார்த்து அழகாக நோட்ஸ் எழுதுவதும் கைக்கு வேலை, மனதுக்கு ஓய்வு. 2013இல் ஜான் டன்லோஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டபோது, கோடு போடுவதையும் திரும்பத் திரும்ப வாசிப்பதையும் பயன் குறைந்தவற்றில் வைத்தார்கள். தன்னையே சோதித்துக்கொள்வதும், இடைவெளி விட்டுப் படிப்பதும் மேலே இருந்தன.

"தீபாவளிக்கு முன்னாடி படிச்சது இப்போ சுத்தமா இல்லை"

இது உங்கள் மூளையின் குறை இல்லை, எல்லார் மூளையும் இப்படித்தான். ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்பவர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். மறதி முதல் நாளில் வேகமாக இறங்குகிறது, போகப்போக மெதுவாகிறது. ஆகவே, மறக்கத் தொடங்கும் நேரம் பார்த்துப் பாடத்தை ஒரு முறை தட்டி எழுப்ப வேண்டும். ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் அது கொஞ்சம் அதிக நாள் தங்கும்.

எப்போது எழுப்புவது என்று ஞாபகம் வைத்துக்கொள்வதுதான் கஷ்டம். அதற்கு நம் வீடுகளில் ஏற்கெனவே ஒரு சாமான் இருக்கிறது. மாட்டுங்கா கடைகளில் வாங்கி மாட்டுகிற, தினமும் கிழிக்கும் தமிழ் காலண்டர். இன்று ஒளிவிலகல் பாடம் முடித்தீர்களா? நாளைய தாளில் ராகு காலத்துக்குக் கீழே இருக்கும் இடத்தில் பென்சிலால் "ஒளிவிலகல்" என்று எழுதுங்கள். அப்புறம் நான்காம் நாள் தாளில், பத்தாம் நாளில், ஒரு மாதம் கழித்து வரும் தாளில். இந்த நாள் கணக்கு வேதவாக்கு இல்லை, ஒன்றிரண்டு முன்பின் ஆகலாம். காலையில் அம்மா தாளைக் கிழிக்கும்போதே அன்றைக்கு எழுப்ப வேண்டிய பாடம் கண்ணில் படும். எழுப்புவது என்றால் திரும்ப வாசிப்பது இல்லை. மேலே சொன்ன ரஃப் தாள் வேலைதான், பாடத்துக்கு 10 நிமிடம். ஒரு பெண் தாளைக் கிழித்த பிறகு அதன் பின்பக்கத்திலேயே விடையை எழுதுவாள். ரஃப் நோட்டு வாங்கும் செலவும் மிச்சம் என்றாள்.

"பயிற்சியில் கணக்கு வருது, பேப்பரில் எந்தக் கணக்குன்னே தெரியலை"

பயிற்சி 2.4இல் இருக்கும் எல்லாக் கணக்கும் ஒரே சூத்திரத்தில் போட வேண்டியவை. அதனால் கேள்வியைப் படிக்காமலே போட்டுவிடலாம், பதில் சரியாகவே வரும். பேப்பரில் "இது எந்தப் பாடம்" என்று யாரும் சொல்லித் தர மாட்டார்கள். எந்தச் சூத்திரம் என்று தேர்ந்தெடுப்பதே பாதி வேலை, அந்தப் பாதியை நீங்கள் ஒரு நாளும் பழகவே இல்லை.

ஒரு பிஸ்கட் டப்பா எடுங்கள். முடித்த பாடங்களிலிருந்து பாடத்துக்கு ஐந்து கணக்காகச் சீட்டில் எழுதி உள்ளே போடுங்கள். இருபடிச் சமன்பாடு, கூட்டுத் தொடர், நிகழ்தகவு எல்லாம் கலந்து கிடக்கட்டும். தினமும் ஆறு சீட்டு எடுங்கள். போடுவதற்கு முன் சீட்டின் ஓரத்தில் "இது இன்ன வகை, ஏனென்றால்" என்று நான்கு வார்த்தை எழுதுங்கள். முதல் வாரம் நிறையத் தப்பாகும், மனசு விட்டுவிடும். அங்கேதான் நிறையப் பேர் பழைய முறைக்கு ஓடிவிடுகிறார்கள். டக் ரோரர், கெல்லி டெய்லர் என்ற ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட சோதனையில், கன அளவு கணக்குகளைக் கலந்து போட்ட மாணவர்கள் பயிற்சியின்போது பின்தங்கினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் அவர்களே மிகவும் முன்னால் இருந்தார்கள். தப்பு வருவது டப்பா வேலை செய்கிறது என்பதன் அடையாளம்.

"பதில் தெரியும் எக்கா, எழுத வரலை"

இந்தப் புகாரை மும்பையில்தான் நான் இவ்வளவு கேட்டிருக்கிறேன். மாநகராட்சி நடத்தும் தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டு, நடுவில் இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறிய பிள்ளைகள் இங்கே நிறைய. வீட்டில் தமிழ், கீழே கடையில் இந்தி, பள்ளியில் மராத்தி பாடம், பேப்பர் இங்கிலீஷில். மார்க் குறைந்ததும் வீட்டில் "இவனுக்கு சயின்ஸ் மண்டையில் ஏறலை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்த முடிவுதான், ஏனென்றால் பெரும்பாலும் அது பொய்.

சோதனை எளிது. கேள்வியைத் தமிழில் கேளுங்கள். நட்சத்திரம் ஏன் மினுங்குகிறது என்று ஒரு பையனிடம் கேட்டேன். பேப்பரில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தான். "மேல காத்து ஒரே மாதிரி இருக்காதுக்கா, சூடு மாறிக்கிட்டே இருக்கும். வெளிச்சம் வளைஞ்சு வளைஞ்சு வருது, அதான்." முழு மார்க் பதில்! அவனிடம் இல்லாதது மூன்றே மூன்று வார்த்தை: அட்மாஸ்ஃபியர், டென்சிட்டி, ரிஃப்ராக்டிவ் இண்டெக்ஸ்.

தமிழில் சொல்லவும் வரவில்லை என்றால் பழுது பாடத்தில். முதல் புகாருக்குப் போங்கள். தமிழில் வந்துவிட்டால் பழுது சொல்லில். பாடத்துக்கு எட்டு அல்லது பத்துச் சொற்கள் மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள், பக்கத்தில் தமிழில் பொருள். முதலில் பதிலைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு அதை இரண்டே இரண்டு சின்ன இங்கிலீஷ் வாக்கியமாக, அந்தச் சொற்களை உள்ளே வைத்து எழுதுங்கள். கைடில் இருக்கும் ஐந்து வரி வாக்கியத்தை மனப்பாடம் செய்யாதீர்கள், நடுவில் ஒரு சொல் விட்டுப்போனால் மொத்தமும் சரிந்துவிடும். அத்துடன் கேள்வியின் கட்டளைச் சொற்களைத் தனியாகப் பழகுங்கள். "கிவ் ரீசன்ஸ்" (காரணம் சொல்) என்றால் "பிகாஸ்" இல்லாத பதில் பதிலே இல்லை. "டிஸ்டிங்க்விஷ்" (வேறுபடுத்து) என்றால் இரண்டு பக்கமும் நேருக்கு நேர் எழுத வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் நீட்டி எழுதிப் பயனில்லை.

அம்மா அப்பாவுக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று ஒதுங்கி நிற்காதீர்கள். பிள்ளை தமிழில் சொல்லும்போது உட்கார்ந்து கேளுங்கள், புரியவில்லை என்றால் "ஏன்ல அப்படி?" என்று திருப்பிக் கேளுங்கள். அதைவிட நல்ல டியூஷன் கிடையாது.

"உட்காரவே முடியலை"

பத்துக்குப் பத்து வீடு, அதில் ஐந்து பேர், குக்கர் விசில், டிவி, கீழே தையல் மெஷின். அமைதியான தனி அறை, மேஜை, விளக்கு என்று எழுதும் அறிவுரைகள் நமக்கு உதவாது. எந்த வேலையை எந்த இடத்தில் செய்வது என்று பிரித்துக்கொள்வதுதான் உதவும். புதுப் பாடம் புரிந்துகொள்ளவும் கணக்குப் போடவும் அமைதி வேண்டும். மும்பையில் அப்யாசிகா என்று படிப்பதற்கென்றே இடங்கள் இருக்கின்றன; உங்கள் வார்டில் எங்கே என்று மாநகராட்சி அலுவலகத்திலோ உள்ளூர் மண்டலிலோ (தெருச் சங்கத்திலோ) கேளுங்கள். மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் வெளிச்சம் இருக்கும்வரை உட்காரலாம். நினைவிலிருந்து எடுத்துப் பார்க்கும் வேலைக்கு அவ்வளவு அமைதி தேவையில்லை. அதை ரயிலில், தண்ணீருக்கு நிற்கும்போது, ரேஷன் வரிசையில் செய்யலாம். கல்யாணிலிருந்து வரும் என் பழைய மாணவி பெட்டியில் கூட்டம் நெரிக்கும்போது ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு கேள்வி என்று மனதுக்குள் விடை சொல்லிக்கொண்டு வருவாள்.

போன் வேறு விஷயம். கிளாஸ் நோட்ஸ் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது, அதனால் "போனைத் தொடாதே" என்றால் நடக்காது. வந்த நோட்ஸை ஒரே நேரத்தில், ஆறு மணிக்கோ ஏழு மணிக்கோ, பார்த்துத் தேவையானதைத் தாளில் எழுதிக்கொண்டு, போனை அம்மா கையில் கொடுத்துவிடுங்கள். பக்கத்தில் கவிழ்த்து வைத்தால் போதாது, மனசு அங்கேயே இருக்கும். 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் எழுந்து நடப்பது என்ற முறையும் சிலருக்கு நன்றாக ஒத்துவருகிறது. இத்தாலிக்காரரான பிரான்செஸ்கோ சிரில்லோ கல்லூரியில் படிக்கும்போது தக்காளி வடிவச் சமையல் கடிகாரத்தை வைத்துத் தனக்காகச் செய்துகொண்டது இது. அந்த 5 நிமிடத்தில் போனை எடுத்தால் அது 50 நிமிடம் ஆகும்.

"புத்தகத்தைத் திறந்தா தூக்கம்"

இரண்டு காரணம் இருக்கலாம். எழுந்து நின்று ரஃப் தாளில் எழுதத் தொடங்கியதும் தூக்கம் போய்விட்டால், சும்மா வாசித்துக்கொண்டிருந்ததுதான் காரணம். எழுதும்போதும் கண் சொக்கினால் உண்மையிலேயே தூக்கம் பற்றவில்லை. 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. நம் பகுதியில் தண்ணீர் வரும் நேரத்துக்கு வீடே எழுந்துவிடுகிறது. அப்படியிருக்க ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்தால் கணக்கு எங்கே சரியாகும்? படித்தது தூக்கத்தில்தான் மனதில் படிகிறது. தூக்கத்தை வெட்டிப் படிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற மாதிரி. ராத்திரி பத்து மணிக்குக் குடிக்கும் கட்டிங் சாயும் (அரை டம்ளர் டீ) காரணமாக இருக்கலாம். அதில் உள்ள கஃபீனில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். சாயங்காலத்தோடு நிறுத்துங்கள்.

"டைம்டேபிள் மூணு நாள்கூட நிக்க மாட்டேங்குது"

நிமிடத்துக்கு நிமிடம் நிரப்பினால் விருந்தாளி ஒருவர் வந்தாலே உடைந்துவிடும். நேரம் எழுதாதீர்கள், அன்றைக்கு முடிக்க வேண்டிய மூன்று வேலை மட்டும் எழுதுங்கள். ஞாயிறு பாதி நாளைக் காலியாக விடுங்கள், விட்டுப்போனவை அங்கே வரும்.

"டைம் பத்தலை, கடைசிக் கேள்வி விட்டுப்போச்சு"

மகாராஷ்டிரா போர்டு பத்தாம் வகுப்பில் அறிவியல், கணக்கு ஒவ்வொரு பகுதியும் 40 மார்க், 2 மணி நேரம். அதாவது ஒரு மார்க்குக்கு 3 நிமிடம். மொழிப் பேப்பர் 80 மார்க்குக்கு 3 மணி நேரம், மார்க்குக்கு இரண்டேகால் நிமிடம். இந்தக் கணக்கு தெரியாமல்தான் 2 மார்க் கேள்விக்கு ஒரு பக்கம் எழுதிவிட்டுக் கடைசியில் ஓடுகிறார்கள். பழைய பேப்பரை எடுத்து, பாதி நேரம் ஆனதும் எந்தக் கேள்வியில் இருக்கிறீர்கள் என்று ஓரத்தில் குறித்துப் பாருங்கள். எங்கே நேரம் கசிகிறது என்று ஒரே பேப்பரில் தெரிந்துவிடும்.

ஞாயிறுதோறும் காலை 11 மணிக்கு ஒரு முழுப் பேப்பர் எழுதுங்கள். போர்டு பேப்பர் தொடங்கும் நேரம் அதுதான். கைவலியும் பழக வேண்டியதே. பன்னிரண்டாவது முடித்து நீட் எழுதுபவர்களுக்கு 180 கேள்வி, 180 நிமிடம். சரிக்கு 4, தப்புக்கு 1 குறையும். அங்கே எதை விடுவது என்பதையும் வீட்டிலேயே பழக வேண்டும்.

"கை நடுங்குது, வயிறு கலங்குது"

ஜெரார்டோ ராமிரெஸ், சியான் பெய்லாக் என்ற ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வு எங்கள் பிள்ளைகளுக்கு உதவியிருக்கிறது. தேர்வுக்குச் சற்று முன் 10 நிமிடம், மனதில் இருக்கும் பயத்தையெல்லாம் தாளில் எழுதிவிட்டுப் போனால், அதிகம் பதறுகிற மாணவர்கள் நன்றாகச் செய்தார்கள். "அப்பா திட்டுவார், சித்தி பொண்ணு 90 வாங்கிட்டா" என்று எதுவானாலும் எழுதுங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம், கிழித்துப் போட்டுவிட்டு உள்ளே போங்கள்.

ஆனால் பல நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, "நான் இல்லாட்டி நல்லா இருக்கும்" என்று பிள்ளை சொல்கிறது என்றால், அது படிப்புப் பழக்கத்தின் பழுது இல்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் சேவை இருக்கிறது, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். ஒரு பாடம் போனாலும் வருடம் போகாது என்பதையும் முன்கூட்டியே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். ஜூன், ஜூலை வாக்கில் போர்டு துணைத்தேர்வு வைக்கிறது.

"முதல் பேப்பர் சொதப்பிட்டேன்"

வெளியே வந்ததும் கேட் அருகே நின்று விடைகளை ஒப்பிடாதீர்கள். நேராக வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, ஒரு மணி நேரம் படுங்கள். எழுந்ததும் அடுத்த பேப்பரின் முழுப் பாடத்தையும் புரட்டாமல், வேறு நிறப் பேனாவில் எழுதிய இடங்களை மட்டும் எடுத்து, புத்தகத்தை மூடிக்கொண்டு தொடங்குங்கள்.